என் தெரு கடைசி

"அக்கா, வண்டி உள்ள வராதுக்கா. முக்குலயே நிறுத்திட்டேன்" என்றான் ஆண்டி போனில்.

மட்டுவார்குழலி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஐஸ் பெட்டியின் காலுக்கடியில் செங்கல் துண்டைத் தள்ளி ஆட்டத்தை நிறுத்திக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் அவளுடைய மாமனார் செல்லக்கண்ணு, நெற்றி நிறைய விபூதியோடு, ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு அப்புறம் போகட்டும் என்று விட்டவர் மாதிரி படுத்திருந்தார்.

"வராதுன்னு எனக்குத் தெரியாதா? இந்த வார்டுல எந்தச் சந்துக்குள்ள உன் வண்டி வரும், எதுல வராதுன்னு உனக்குப் படிச்சுக் குடுத்ததே நான்தானே. டீக்கடை நிழல்ல போட்டுட்டு ஒரு டீ குடி. கூப்பிடறேன்."

"இல்லக்கா, கவுன்சிலர் வீட்டுக்கே வண்டி வரலைன்னு நாளைக்கு எவனாவது பேசுவான். அதான்."

"பேசறவன் பேசட்டும். நீ டீயைக் குடி."

ஆண்டி ஓட்டுவது அமரர் ஊர்தி. கவுன்சிலர் என்று அவன் சொன்னது குழலியைத்தான். ஸ்ரீரங்கத்தில் மேலூர்ப் பக்கம், நேற்றுவரை வாழைத்தோப்பாக இருந்து இன்றைக்கு அடுக்குமாடியும் தனிவீடுமாக முளைத்துக் கிடக்கிற தாழம்பூ நகரும் அதைச் சுற்றின தெருக்களும் அவளுடைய வார்டு. அங்கே யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சொந்தக்காரர்களுக்குத் தகவல் போகிறதோ இல்லையோ, குழலிக்குப் போய்விடும். ஐஸ் பெட்டி, பந்தல், தண்ணி லாரி, ஆண்டியின் வண்டி, மயானத்தில் நேரம் வாங்குவது எல்லாவற்றையும் அவளே பார்த்துவிடுவாள். வீட்டுக்காரர்கள் அழுகிற வேலையை மட்டும் பார்த்தால் போதும். பெண்கள் தெருமுக்கோடு நின்றுவிடுகிற ஊரில் அவள் மட்டும் வண்டியின் முன்சீட்டில் ஏறி மயானம்வரை போவாள். முதல் தடவை கிழடுகள் முணுமுணுத்தார்கள். அப்புறம், குழலி வராத சாவு ஒரு சாவா என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

அடுத்த வாரம் ஓட்டு. இரண்டாம் தடவையாக நிற்கிறாள். ஜெயிப்பாள் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் கிடையாது. போன தேர்தலில் கூட்டத்துக்குக் கூட்டம் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "எல்லாத் தெருவுக்கும் ரோடு போட்டுட்டுதான் என் தெருவுக்குப் போடுவேன். என் தெரு கடைசி!" கைதட்டலை அள்ளிக்கொண்டு போயிற்று. சொன்னதைச் செய்தாள். பாதாளச் சாக்கடை, அதன்மேல் சிமெண்டு ரோடு என்று ஒவ்வொரு தெருவாக முடித்து, கடைசியாக அவள் தெருவைத் தோண்டினார்கள். தோண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் வேலையாட்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போனார்கள். அவர்கள் வந்து சேருவதற்குள் தேர்தல் வந்து சேர்ந்துவிட்டது. தெருவின் வாயில் குறுக்கே இடுப்பளவு பள்ளம். அடியில் சேறு, மேலே ஒற்றை ஆள் நடக்கிற மாதிரி ஒரு பலகை. குழலி அதற்கு வெட்கப்பட்டவளா? "வந்து பாருங்க என் தெருவை!" என்று பள்ளத்தைப் போட்டோ எடுத்து நோட்டீஸிலேயே போட்டுவிட்டாள். பார்த்தவர்கள் எல்லாரும் நியாயஸ்தி என்றார்கள்.

ஒப்புக்கொள்ளாதவர் செல்லக்கண்ணு ஒருத்தர்தான். அவர் பஸ் டிரைவர். ஸ்ரீரங்கத்துக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே ஒண்ணாம் நம்பர் பஸ்ஸை மீசை கறுப்பாக இருந்த நாளிலிருந்து வெளுத்த நாள்வரை ஓட்டினவர். ரிட்டயர் ஆன பிறகும் தினம் சாயங்காலம் தேய்த்த சட்டையைப் போட்டு, தலையை வாரி, சீப்பைப் பையில் வைத்துக்கொண்டு, முக்கில் ஷேர் ஆட்டோ ஏறி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். எந்த டிரைவர் பிரேக்கை எப்படி மிதிக்கிறான் என்று சத்தத்தை வைத்தே திட்டுவார். பலகை போட்ட நாளோடு அது நின்றது. முழங்கால் தேய்ந்துபோன மனிதர் பலகைமேல் எப்படி நடப்பார்? ஆனால் சட்டை போடுவதும் தலை வாருவதும் நிற்கவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு பள்ளம்வரை போவார். பார்ப்பார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார்.

"ஏம்மா குழலி, ரோட்டைப் போட்டுட்டு ஜெயிப்பியா, ஜெயிச்சுட்டு ரோட்டைப் போடுவியா?" என்று நேற்று சாயங்காலம்கூடக் கேட்டார்.

"ஜெயிச்சுட்டு மொத வேலை அதுதான் மாமா. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"பொறுத்துக்கிட்டுதானே இருக்கேன். ஒண்ணாம் நம்பர்ல எவனோ புதுசா வந்திருக்கானாம். எந்நேரமும் ரெண்டாவது கியர்லயே ஓட்டறானாம். போயி நாலு வார்த்தை கேக்கலாம்னா, நீ எனக்கு அகழி வெட்டி வச்சிருக்க."

குழலி சிரித்துக்கொண்டே பிரச்சாரத்துக்குக் கிளம்பிவிட்டாள். இன்றைக்கு விடிந்ததும் காபி கேட்டார். அவள் ஆற்றி எடுத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். டம்ளரும் கையுமாக நின்று "மாமா, மாமா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அப்புறம் டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு, இமையை மூடி, தாடைக்குத் துணி கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். எத்தனை வீடுகளில் செய்த வேலை, கை தானாகச் செய்தது. கண்ணில்தான் ஒரு சொட்டு வரவில்லை. அது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

வெயில் ஏறுவதற்குள் வீடு நிறைந்துவிட்டது. குழலியின் புருஷன் ஜெய்சங்கர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். மனைவி ஊருக்குப் பெரிய ஆளாக இருப்பதில் அவனுக்குப் பெருமைதான், ஆனால் வாயைத் திறந்து சொல்லிவிடமாட்டான். பக்கத்து வீட்டு ஹஃப்ஸா பெரிய பிளாஸ்கில் டீயும் ஒரு தூக்கில் இட்லியும் கொண்டுவந்து வைத்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். "அக்கா, ஒரு வாய் டீயாவது குடிங்க. மயக்கம் போட்டுடப் போறீங்க" என்று கையில் திணித்துவிட்டுப் போனாள்.

லால்குடியிலிருந்து நாத்தனார் உமாமகேஸ்வரி புருஷனும் இரண்டு பிள்ளைகளுமாக வந்தாள். "அப்பா, என்னப் பெத்த அப்பா" என்று தெருமுக்கிலேயே ஆரம்பித்த அழுகை பலகைமேல் கால் வைத்ததும் நின்றுபோயிற்று. கீழே பார்த்தாள், பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள், தாண்டின பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். பெட்டிமேல் விழுந்து அழுது ஓய்ந்ததும் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பாவ இந்தப் பலகைமேலயாடா கொண்டுபோகப் போற? ஊரையே வண்டியில கொண்டுபோன மனுசன்டா அவரு. அவருக்கு வாசல்ல வந்து நிக்க ஒரு வண்டி இல்லையா?"

ஜெய்சங்கர் குழலியைப் பார்த்தான். குழலி, "வண்டி முக்குல நிக்குது அண்ணி" என்றாள்.

"முக்குல நிக்கறதுக்கா நீ கவுன்சிலர் ஆன?"

வேறு யாராவது கேட்டிருந்தால் குழலியிடம் சுடச்சுடப் பதில் இருந்திருக்கும். கேட்டது அண்ணி. வெளியே வந்து பந்தல்காரனைக் காரணமில்லாமல் அதட்டினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ராஜ்மோகன் வந்தான். குழலியை எதிர்த்து நிற்கிற வேட்பாளர். சலவை வேட்டி, சலவைச் சட்டை, தலையைவிடப் பெரிய ரோஜா மாலை. பின்னால் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு கட்சிக்காரர்கள். பலகையைத் தாண்டும்போது அவன் பள்ளத்தை நன்றாக ஒரு பார்வை பார்த்ததைக் குழலி கவனித்தாள். வாடா வா, சாவுக்கு வந்தியா சர்வேக்கு வந்தியா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, கையைக் கூப்பினாள்.

மாலையைப் போட்டுவிட்டு அவன் பெட்டியருகே கொஞ்ச நேரம் நின்றான். "மாமாவோட பஸ்ல படியில தொங்கிக்கிட்டுக் காலேஜ் போனவன்க்கா நான். கண்ணாடியில பாத்தே என்னை மேல ஏத்துவாரு" என்றான். பிறகு குழலியையும் ஜெய்சங்கரையும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒதுக்கிக் கூப்பிட்டான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. என் மச்சானோட ஜேசிபி பின்னாடி மனையிலதான் நிக்குது. ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா ரெண்டு லோடு கிராவல் தட்டி, மட்டம் பண்ணி, மேல இரும்புத் தகடு போட்டுடறேன். வண்டி உங்க வாசலுக்கே வந்துடும்."

பின்னாலேயே வந்து நின்றிருந்த உமாமகேஸ்வரி, "நல்லாருப்பீங்க தம்பி, செய்யுங்க. எங்கப்பாவுக்காகச் செய்யுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

சாயங்காலம் வார்டிலிருக்கிற ஒவ்வொரு போனிலும் என்ன ஓடும் என்று இப்போதே குழலிக்குத் தெரிந்தது. கவுன்சிலர் தெருவுக்கு ரோடு போட்டுக் கொடுத்த ராஜ்மோகன்! ஐந்து வருஷமாகக் கட்டிவைத்த 'என் தெரு கடைசி' ஒரு ஜேசிபியின் வாயில் மண்ணாகப் போய்விடும். ஓட்டு இருக்கட்டும், அதற்கப்புறம் இந்த வார்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது?

"குழலி" என்றான் ஜெய்சங்கர் மெதுவாக. "அப்பா வண்டியிலதான் போகணும்னு நினைப்பாரு. எனக்கு எப்படித் தோணுதுன்னா, சரின்னு சொல்லிடலாமான்னு தோணுது. நீயே சொல்லு."

நீயே சொல்லு என்று விட்டுவிட்டானே, அதுதான் கஷ்டம். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பாள். "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கூடத்தில் பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். குழலி அவர்களைத் தாண்டி மாமாவின் கட்டிலருகே போய் நின்றாள். ஆணியில் சட்டை தொங்கியது. நேற்று போட்டுக்கொண்டு பள்ளம்வரை போய்வந்த சட்டை. இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை. பையில் சீப்பு. எத்தனை சாயங்காலம் இந்தச் சட்டை பள்ளம்வரை போய்த் திரும்பியிருக்கும்? பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்! பார்த்துவிட்டு, நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பலகைமேல் விறுவிறுவென்று நடந்து போய்க்கொண்டுதானே இருந்தாள்!

இப்போது ஜேசிபி வேண்டாம் என்று தோன்றுவது யாருக்காக? மாமாவின் மானத்துக்காகவா, ஓட்டுக்காகவா? ஓட்டுக்காகத்தான். செத்தவர் முன்னால் நின்றுகொண்டு பொய் சொல்வானேன்? ஓட்டு வேண்டும், ஜெயிக்க வேண்டும், இந்தத் தெருவுக்குத் தன் கையால்தான் ரோடு போட வேண்டும். அதோடு, மாமா நல்லபடியாகப் போகவும் வேண்டும். இரண்டுமே வேண்டும். இரண்டையும் செய்ய முடியாவிட்டால் அப்புறம் அவள் என்ன குழலி?

வெளியே வந்தாள். "தம்பி, கேட்டீங்களே, அதுவே பெருசு. ஜேசிபி வேண்டாம். மாமாவை நாங்க தோள்ல தூக்கிக்கிறோம்."

"யாரு தூக்குவா?" என்று உமாமகேஸ்வரி சீறினாள். "என் ரெண்டு பசங்க, எங்க வீட்டுக்காரரு. மூணு தோளு. உன் புருசன் கொள்ளிச்சட்டி எடுக்கணும். பலகையில ரெண்டு பேரு சேந்து நடக்க முடியுமா? பள்ளத்துல போட்டுடுவாங்க எங்கப்பாவ."

"போடமாட்டாங்க அண்ணி" என்றாள் குழலி. சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. வேறு வீட்டுச் சாவாக இருந்தால் இந்நேரம் பத்து பேருக்குப் போன் போட்டிருப்பாள். தன் வீட்டுக்குத் தானே ஆள் கூப்பிடுவது எப்படி? அதுவும் ஓட்டு நேரத்தில்? போனைக் கையில் எடுத்துவிட்டு மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஹஃப்ஸா இதைப் பார்த்தாள். "எங்க வீட்டு ஆளு இருக்காரு அக்கா. சொல்லவா?" என்று கேட்டவள் பதிலுக்கு நிற்கவில்லை.

அப்புறம் நடந்ததைக் குழலி பிற்பாடு எந்த மேடையிலும் சொன்னதில்லை. முதலில் ஹஃப்ஸாவின் புருஷன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவருடைய வாப்பா மவுத்தானபோது கபர்ஸ்தானுக்குப் போகிற வழியில் கிடந்த லாரியைப் போலீஸைக் கூப்பிட்டு நகர்த்திவைத்தவள் குழலி. ஜேக்கப் சார் வந்தார். அவர் மனைவியின் பெட்டி அடுக்குமாடி லிஃப்டில் நுழையாதபோது படி வழியாக இறக்க ஆள் பிடித்துக் கொடுத்தவள் குழலி. மூன்றாம் தெரு இஸ்திரிக்காரர் வந்தார், மருந்துக்கடைக்காரர் வந்தார், பூக்கட்டுகிற வீட்டு அண்ணன் தம்பிகள் வந்தார்கள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிப் பள்ளத்தின் ஓரத்தில் விட்டார்கள்.

ஆண்டியும் வண்டியைப் பூட்டிவிட்டு வந்துவிட்டான். "நாலு பேரு போதும்னு நினைக்காதீங்க. ஆறு பேரு பள்ளத்துக்குள்ள இறங்கி நில்லுங்க. பாடை வரும்போது கையை உசத்தி வாங்கி அந்தப்பக்கம் குடுங்க. யாரும் நடக்கவே வேண்டாம்" என்று ஆளாளாக நிறுத்தி வைத்தான்.

நீர்மாலை எடுத்து, குளிப்பாட்டி, கோடி போர்த்தி, பெண்கள் வாய்க்கரிசி போட்டார்கள். குழலி அரிசியைப் போடும்போது, கோடிக்கடியில் அந்தத் தேய்த்த சட்டையை மடித்து வைத்தாள். சீப்பும் பையிலேயே இருந்தது. உமாமகேஸ்வரி பார்த்தாள், தடுக்கவில்லை. பேரன்கள் பந்தம் பிடித்துச் சுற்றி வந்தார்கள். சங்கு ஊதியது. ஜெய்சங்கர் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். நாலு தோளில் செல்லக்கண்ணு தெருவில் இறங்கினார்.

பள்ளத்துக்குள் இடுப்புவரை மறைந்து ஐந்து பேர் நின்றிருந்தார்கள். ஆறாவது ஆளாக இறங்க வேண்டிய ஜேக்கப் சாருக்குக் கால் வழுக்கிற்று. "நீங்க இருங்க சார்" என்று ஒரு குரல் கேட்டது. ராஜ்மோகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சடக்கென்று குதித்தான். சேறு அவன் மார்வரை தெறித்தது. கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் போனை உயர்த்தினார்கள்.

"போனை உள்ள வைங்கடா!" என்று அதட்டினான். "வச்சுட்டு நீங்களும் எறங்குங்க!"

பாடை பள்ளத்தின்மேல் வந்தது. பன்னிரண்டு கைகள், அதற்குமேலும், உயர்ந்தன. ஒரு ஆட்டம் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. பூவோடு பூவாக மாமா அந்தக் கைகள்மேல் நகர்ந்து அக்கரை சேர்ந்தார். எத்தனையோ சாயங்காலம் அவர் நின்று பார்த்துத் திரும்பிய பள்ளம். குழலி இக்கரையில் நின்று பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவள் பலகையைத் தாண்டியபோது ராஜ்மோகன் மேலே ஏற முடியாமல் தவித்துக்கொண்டிருந்தான். ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. குழலி குனிந்து கையைக் கொடுத்து இழுத்துவிட்டாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். இந்தப் பள்ளத்தை வச்சு நீங்க எங்கயுமே என்னைத் திட்டலையே. என்னைத் திட்டறதுக்கு இதைவிட உங்களுக்கு என்ன வேணும்? ஏன் விட்டீங்க?"

அவன் சட்டையிலிருந்த சேற்றை வழித்து உதறினான். "நானா விடலக்கா, மாமாதான் பேச விடல. நான் நாமினேஷன் போட்ட அன்னைக்கே போன் பண்ணாரு. 'டேய் படிக்கட்டு, அந்தப் பள்ளத்துல கஷ்டப்படறவன் நான். எனக்கே கஷ்டமில்ல, உனக்கு என்னடா? என் மருமக சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருக்கா. நீ மைக்ல அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினா, நான் தவழ்ந்தாவது வந்து உன் மைக்கைப் புடுங்குவேன்'னாரு. எனக்கு மட்டும் இல்ல, டீக்கடையில இருக்கற அத்தனை பேருக்கும் தினம் போனு. உங்களுக்குத் தெரியாதா?"

குழலிக்குத் தெரியாது. வீட்டில் ஒரு நாள் தவறாமல் நச்சரித்த மனிதர்! அகழி வெட்டிட்டியே, அகழி வெட்டிட்டியே என்று வாய் ஓயாமல் சொன்ன மனிதர்!

"நாளைக்கு மறுபடி எதிர்லதான் நிப்பேன்க்கா. அதுல மாத்தம் இல்ல" என்றான் ராஜ்மோகன்.

"நில்லுங்க தம்பி, நல்லா நில்லுங்க. ஜெயிக்கறது நான்தான்" என்றாள் குழலி.

முக்கில் ஆண்டியின் வண்டிக்குள் பாடையை ஏற்றினார்கள். பெண்கள் வழக்கப்படி அங்கேயே நின்று கடைசியாக ஒருமுறை மாரடித்து அழுதார்கள். அந்த நேரத்தில் தகவல் தெரியாத பிரச்சார ஆட்டோ ஒன்று மெயின் ரோட்டிலிருந்து திரும்பி நேராக அவர்களைப் பார்த்து வந்தது. ஸ்பீக்கரில் குழலியின் குரல் முழங்கியது: "எல்லாத் தெருவுக்கும் பிறகுதான் என் தெரு! என் தெரு கடைசி! உங்கள் வீட்டுப் பெண் மட்டுவார்குழலி..." ஆட்டோக்காரன் வண்டியையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டுப் பதறிப்போய் எதையெதையோ திருகினான். குரல் நிற்பதற்குள் இன்னொரு தடவை சொல்லிவிட்டது. ஐந்து வருஷமாக அந்த வார்த்தைக்குக் கைதட்டல்தான் கேட்டுப் பழக்கம். இப்போது ஒருத்தரும் அசையவில்லை. குழலி தன் குரலை யாரோ அந்நிய மனுஷி பேசுவதுபோலக் கேட்டுக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் அப்போதுதான் வந்தது, வந்தது நிற்கவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்கதவைத் திறந்தாள்.

"குழலி, நீ எங்க போற?" என்றாள் உமாமகேஸ்வரி. "பொம்பளைங்க இதோட நிக்கணும்."

"ஊர்ல இருக்கறவங்க எல்லாரையும் கொண்டுபோய் விட்டுட்டு வந்திருக்கேன் அண்ணி. எங்க மாமாவுக்கு மட்டும் முக்குல நிக்கவா?"

உமாமகேஸ்வரி கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் குழலியிடம் கொடுத்து, "குடிச்சுட்டு ஏறு. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல நீ" என்றாள்.

ஓயாமரி மயானத்துக்குப் போகக் காவிரிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். ஆண்டி பின்தெரு வழியாகக் குறுக்கே புகுந்து சீக்கிரம் போய்விடுகிற ஆள். இன்றைக்கும் திருப்பப் பார்த்தான். "பஸ் ஸ்டாண்டு வழியா போ" என்றாள் குழலி. அவன் கேள்வி கேட்காமல் நேராக விட்டான்.

பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். ஒண்ணாம் நம்பர் ஒன்று அப்போதுதான் புறப்பட்டு வண்டிக்கு முன்னால் சாலையில் ஏறியது. கூட்டம் நெரிந்தது. படியில் இரண்டு பேர் தொங்கினார்கள்.

"ஓவர்டேக் பண்ணிடவாக்கா? நேரம் வாங்கியிருக்கோம்ல."

"வேண்டாம். பின்னாடியே போ."

"ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிப்பான்க்கா."

"நிக்கட்டும். நீயும் நில்லு."

ஆண்டி அவளைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் சாலையைப் பார்த்துக்கொண்டான். அடுத்த ஸ்டாப்பில் பஸ் நின்றது, பின்னால் அவனும் நிறுத்தினான். பஸ் நகர்ந்தது, அவனும் நகர்த்தினான். அம்மா மண்டபத்துப் பக்கம் பஸ் மறுபடி நின்றபோது, பின்பக்கத்துச் சின்ன ஜன்னலைத் திறந்து ஜெய்சங்கர் எட்டிப் பார்த்தான்.

"என்ன குழலி, டிராஃபிக்கா?"

குழலி முன்னால் கையைக் காட்டினாள். அவன் கண் கண்ணாடியைத் தாண்டி முன்னாலிருந்த பஸ்ஸின் நம்பரில் போய் நின்றது. ஜன்னலை மூடாமல் அப்படியே அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

குழலியின் கையில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. முன்னால் பஸ் உறுமிக்கொண்டே ஊர்ந்தது.

"ரெண்டாவது கியர்லயே ஓட்டறான், இல்ல?" என்றாள்.

"ஆமாக்கா. புதுப் பையன். எந்நேரமும் அப்படித்தான்."

மாம்பழச்சாலையில் பஸ் நின்றது. கூடைக்காரி ஒருத்தி நிதானமாக இறங்கி, கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. ஆண்டி கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை. கண்டக்டரின் விசில் கேட்டது. பஸ் பாலத்தில் ஏறியது. ஆண்டி கியரைப் போட்டான்.